போதுமான மின்சாரம் எவ்வளவு? ரவாங் ஈயச் சுரங்கம் முதல் நம் வீட்டுக் கணினி வரை



வரலாறு என்றாலே அரசர்கள், ஒப்பந்தங்கள், ஆண்டுகள் என்றுதான் நாம் மனனம் செய்கிறோம். நம் மேசைக்கு அடியில் ஓசையில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பெட்டிக்கும் வரலாறு உண்டு. கணினியின் பவர் சப்ளைதான் அது. தமிழில் மின்வழங்கி என்கிறோம். ஒரு தமிழாசிரியருக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். கேளுங்கள், சொல்கிறேன்.

ஒரு தொலைபேசி அழைப்பு

2021ஆம் ஆண்டு. பள்ளிகள் மூடிக் கிடந்து, இல்லிருப்புக் கற்றல் கற்பித்தல் நடந்த காலம். என் வகுப்பில் படிவம் 4 மாணவன் ஒருவன். அவன் அம்மா இங்கே தம்போய் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறார். மகன் கைத்தொலைபேசியிலேயே பாடம் படிக்கிறானே என்று, ஓவர்டைம் காசைச் சேர்த்துக் கணினிக்கு ஏற்பாடு செய்தார். கடையில் முழுசா வாங்கினால் விலை கட்டுப்படியாகாது. அதனால் பையன் ஒவ்வொரு பாகமாக வாங்கி, காணொளி பார்த்துத் தானே பொருத்தினான். கடைசியில் மிஞ்சியது பவர் சப்ளை. கையில் இருந்ததோ 60 ரிங்கிட்.

“சார், 500 வாட்னு போட்டிருக்கு, போதுமா?” என்று படம் அனுப்பிக் கேட்டான். எனக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது. “500 பெரிய எண்ணிக்கைதானே, தாராளமா போதும்பா” என்று பதில் போட்டேன்.

ஆறு வாரம் ஓடியது. திட்டப்பணி ஒப்படைக்க வேண்டிய வாரத்தில் ஒரு நாள் இரவு “டப்” என்று ஒரு சத்தம், கருகல் வாடை. பவர் சப்ளை மட்டும் போகவில்லை. தாய்ப்பலகையும் வன்தட்டும் சேர்ந்தே போயின. திட்டப்பணியும் போனது. மறுநாள் அவன் அம்மா அழைத்தார். என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. “சார், இனி எவ்வளவு வாட்ஸ் வாங்கணும், நீங்களே பார்த்துச் சொல்லிடுங்க” என்றார். அந்த மரியாதைதான் என்னைச் சுட்டது.

“போதும்” என்று ஒரு சொல்லை யோசிக்காமல் சொல்லிவிட்டேன். மொழி ஆசிரியன் நான், சொல்லுக்குப் பொருள் தெரிந்திருக்க வேண்டாமா? போதுமான மின்சாரம் என்றால் என்ன என்று அன்று தேட ஆரம்பித்தேன். அந்தத் தேடல் என்னை 1894ஆம் ஆண்டுக்குக் கொண்டு போய்விட்டது.

1894: ரவாங்கில் ஒரு பம்பு

இந்நாட்டில் மின்சாரத்தை முதலில் பயன்படுத்தியவர்கள் யார்? பலரும் ஆங்கிலேய அரசாங்கம் என்றே நினைக்கிறார்கள். மாணவர்களே, இதைக் குறித்துக்கொள்ளுங்கள். சிலாங்கூர் மாநிலத்தின் ரவாங்கில் ஈயச் சுரங்கம் நடத்திய இரண்டு தொழிலதிபர்கள், 1894ஆம் ஆண்டில் தங்கள் சுரங்கத்துக்காக மின்னாக்கி ஒன்றை நிறுவினார்கள். ஒருவர் லோக் இயூ. மற்றவர் நம்மவர், கா. தம்புசாமி பிள்ளை.

தம்புசாமி பிள்ளை 1850இல் சிங்கப்பூரில் பிறந்தவர். 1875இல் சிலாங்கூரின் முதல் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் டேவிட்சனோடு சிலாங்கூருக்கு வந்தார். கோலாலம்பூர் ஸ்ரீ மகாமாரியம்மன் கோயிலுக்கும் பத்துமலைக்கும் தொடர்புபடுத்தியே அவரை நாம் பேசுகிறோம். விக்டோரியா கல்விக்கூடம் உருவாகப் பாடுபட்டவர்களிலும் அவர் ஒருவர். மின்சாரத்தோடு அவர் பெயரைச் சேர்த்துச் சொல்வோர் குறைவு.

அந்த மின்சாரம் எதற்குப் பயன்பட்டது? அலங்கார விளக்குக்கு அல்ல, சுரங்கத்தில் ஊறும் தண்ணீரை வெளியேற்றும் பம்புக்கு. ஈயச் சுரங்கத்தின் முதல் எதிரி தண்ணீர். குழி ஆழமாக ஆழமாக ஊற்று பெருகும். பம்பு நின்றால் குழி நிறையும், வேலை நிற்கும், கூலியும் நிற்கும். ஆகவே அங்கே “போதுமான மின்சாரம்” என்பதற்கு ஒரே பொருள்தான்: பம்பு நிற்காமல் ஓட வேண்டும். மின்னாக்கி எவ்வளவு பெரியது என்பது இரண்டாம் கேள்வி. சுமை ஏறும்போதும் அது தாக்குப்பிடிக்குமா என்பதே முதல் கேள்வி.

அதே காலகட்டத்தில் மற்ற சுரங்கங்களும் இதே வழியில் போயின. பகாங்கில் ரவூப் தங்கச் சுரங்கத்துக்காக 1900இல் செம்பாம் நீர்மின் நிலையம் இயங்கியது. இந்தியாவில் 1902இல் காவிரி ஆற்றின் சிவசமுத்திரம் அருவியிலிருந்து, ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கோலார் தங்கவயலுக்கு மின்சாரம் போனது. அந்தத் தங்கவயலில் தமிழ்த் தொழிலாளர்கள் ஏராளம். ஈயமோ தங்கமோ, மின்சாரத்தை முதலில் தேடியது மண்ணுக்கு அடியில் நடந்த உழைப்பு என்பதை வரலாறு காட்டுகிறது.

தோட்டத்து விளக்கும் நாட்டு மின்கம்பியும்

சுரங்கத்துக்கு வந்த மின்சாரம் சாதாரண மக்களின் வீட்டுக்கு வர நீண்ட காலம் பிடித்தது. என் பாட்டி குளுவாங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர். “சாயங்காலம் ஜெனரேட்டர் போடுவாங்க, ராத்திரி பத்து மணிக்கு நிறுத்திடுவாங்க. அப்புறம் மண்ணெண்ணெய் விளக்குதான்” என்பார். யாராவது லயத்து வீட்டில் இஸ்திரிப் பெட்டி போட்டால் பக்கத்து வீட்டு விளக்கு மங்குமாம். “யாருடா அது இஸ்திரி போடுறது?” என்று ஒரு சத்தம் கேட்குமாம். பாட்டி சிரித்துக்கொண்டே சொல்வார். இது வேடிக்கைக் கதை மட்டுமல்ல. ஒரு மூலத்தின் சக்தியை மீறி இழுத்தால் மின்னழுத்தம் விழும் என்ற பாடம் அதில் இருக்கிறது. நம் கணினிக்குள்ளும் நடப்பது இதுவேதான்.

நாட்டளவில், மத்திய மின்சார வாரியம் 1949 செப்டம்பர் 1ஆம் நாள் தோற்றுவிக்கப்பட்டது. 1965இல் அது தேசிய மின்சார வாரியம் எனப் பெயர் மாறியது. வயதானவர்கள் இன்னும் “எல்.எல்.என். பில்” என்று சொல்வது அந்த லெம்பாகா லெத்ரிக் நெகாராவின் நினைவில்தான். 1990 செப்டம்பர் 1 முதல் அந்தப் பொறுப்பு தெனாகா நேஷனல் நிறுவனத்திடம் வந்தது. தேர்வுக்குப் படிப்போர் 1949, 1965, 1990 என்ற இம்மூன்று ஆண்டுகளையும் வரிசையாக நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

இத்தனை பெரிய அமைப்பும் ஒரே மாலையில் சாய்ந்ததுண்டு. 1992 செப்டம்பர் 29ஆம் நாள் தீபகற்ப மலேசியா முழுதும் இருண்டது. மீண்டும் 1996 ஆகஸ்ட் 3ஆம் நாள், சனிக்கிழமை மாலை, திரெங்கானு மாநிலத்தின் பாக்கா மின் நிலையத்தில் தொடங்கிய கோளாறு தீபகற்பத்தையே இருளில் ஆழ்த்தியது. அப்போது நான் ஆரம்பப்பள்ளி மாணவன். தம்போய் வீட்டு வாசலில் எல்லாரும் பாய் போட்டு உட்கார்ந்திருந்தது நினைவிருக்கிறது. எங்கோ கிழக்குக்கரையில் ஏற்பட்ட கோளாறுக்கு ஜொகூர் ஏன் இருட்டாக வேண்டும்? ஒரு நிலையம் நின்றதும் அதன் சுமை மற்ற நிலையங்களின் தலையில் விழுகிறது. தாங்க முடியாதவை தங்களைக் காப்பாற்றிக்கொள்ளத் தாமே துண்டித்துக்கொள்கின்றன. அப்படியே ஒன்றன்பின் ஒன்றாகச் சரிகின்றன.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். துண்டித்துக்கொள்வது தோல்வி அல்ல, பாதுகாப்பு. நிலையங்கள் துண்டித்துக்கொள்ளாமல் இருந்திருந்தால் இயந்திரங்களே எரிந்திருக்கும். நல்ல பவர் சப்ளையும் இதையே செய்கிறது. சுமை மீறினால் நின்றுவிடும். மலிவானது நிற்காது. எரியும், எரியும்போது பக்கத்தில் இருப்பதையும் கூட்டிக்கொண்டு போகும். என் மாணவன் வீட்டில் நடந்தது அதுதான்.

கணினிக்குள் ஒரு மின் நிலையம்

இனி பெட்டிக்குள் வருவோம். நம் சுவரில் வருவது மாறுதிசை மின்சாரம், நொடிக்கு 50 சுழற்சி. முன்பு 240 வோல்ட் என்று சொல்வோம். 2008 முதல் மலேசியாவின் பெயரளவு மின்னழுத்தம் 230 வோல்ட். 10 விழுக்காடு மேலே, 6 விழுக்காடு கீழே போகலாம். அதாவது ஏறத்தாழ 216 முதல் 253 வோல்ட் வரை. கணினியின் சில்லுகளுக்கோ இதெல்லாம் ஆகாது. அவற்றுக்கு வேண்டியது 12, 5, 3.3 வோல்ட் என்ற சிறிய, ஆடாத நேர்த்திசை மின்சாரம். ஒன்றை மற்றொன்றாக மாற்றித் தருவதே பவர் சப்ளையின் வேலை.

பழைய முறையில் கனமான இரும்பு மின்மாற்றி இருக்கும். மிச்ச மின்னழுத்தத்தை வெப்பமாக வீணாக்கும். 1977இல் வெளிவந்த ஆப்பிள் 2 கணினிக்கு ராட் ஹோல்ட் என்ற பொறியாளர் வேறு வழியில் போனார். கணினியில் காற்றாடிச் சத்தமே இருக்கக்கூடாது என்று ஸ்டீவ் ஜாப்ஸ் விரும்பினார். அதனால் சூடு குறைந்த, எடை குறைந்த நிலைமாற்று மின்வழங்கி ஒன்றை ஹோல்ட் வடிவமைத்தார். அதன் அளவு 38 வாட் மட்டுமே. இந்த முறையை அவர்தான் கண்டுபிடித்தார் என்று சிலர் எழுதுவதுண்டு. அது சரியல்ல. நிலைமாற்று முறை அதற்கு முன்பே இருந்தது. வேகமாக இயங்கும் உயர் மின்னழுத்த டிரான்சிஸ்டர்கள் மலிவானதும் அது வீட்டுக் கணினிக்கு வந்தது. வரலாற்றுக் கட்டுரை எழுதும் மாணவர்கள் “முதலில் கண்டுபிடித்தார்” என்ற தொடரை எச்சரிக்கையாகக் கையாள வேண்டும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

அது வேலை செய்யும் விதம் இதுதான். 240 வோல்ட் மாறுதிசை மின்சாரத்தை முதலில் ஏறத்தாழ 340 வோல்ட் நேர்த்திசையாக்கும். அதை நொடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி வெட்டிச் சிறு மின்மாற்றி வழியாக அனுப்பும். வெளிவருவதைச் சீராக்கி, மின்தேக்கிகளில் நிரப்பி, அலையில்லாமல் தரும். அந்தத் தேக்கிகள் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கும். ஆகவே மாணவர்களே, பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் ஒருபோதும் திறக்காதீங்க. உயிருக்கு ஆபத்து.

1981 ஆகஸ்டில் ஐ.பி.எம். தன் முதல் தனிநபர் கணினியை வெளியிட்டது. அதன் பவர் சப்ளை 63.5 வாட். இந்த எண் எங்கிருந்து வந்தது தெரியுமா? 5 வோல்ட்டில் 7 ஆம்பியர், 12 வோல்ட்டில் 2 ஆம்பியர், எதிர் 5 வோல்ட்டில் 0.3 ஆம்பியர், எதிர் 12 வோல்ட்டில் 0.25 ஆம்பியர். வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட். 35, 24, 1.5, 3. கூட்டிப் பாருங்கள், சரியாக 63.5. ஒட்டுத்தாளில் போட்ட எண்ணும் உள்ளே கொடுக்கும் மின்சாரமும் ஒன்றாக இருந்தன. இதை நேர்மையான கணக்கு என்பேன்.

பிறகு 1983இல் எக்ஸ்.டி. வகைக்கு 130 வாட், 1984இல் ஏ.டி. வகைக்கு 192 வாட் என்று ஏறியது. மூன்றே ஆண்டில் மூன்று மடங்கு. வன்தட்டும் விரிவாக்க அட்டைகளும் சேர்ந்ததே காரணம்.

5 வோல்ட்டிலிருந்து 12 வோல்ட்டுக்கு

1995இல் இன்டெல் நிறுவனம் ஏ.டி.எக்ஸ். என்ற வடிவ விதியைக் கொண்டுவந்தது. இன்று நாம் பொருத்தும் கணினிகளின் அடிப்படை இதுதான். 3.3 வோல்ட் நேரடியாக வந்தது. கணினியை அணைத்த பிறகும் சிறிதளவு மின்சாரம் காத்திருக்கும் வசதி வந்தது. அதற்கு முன்பு ஏ.டி. வகையில் தாய்ப்பலகைக்கு இரண்டு தனித்தனி இணைப்பான்கள். கறுப்பு வயர்கள் இரண்டும் நடுவில் சேர வேண்டும். மாற்றிப் போட்டால் பலகை போய்விடும். ஏ.டி.எக்ஸ். அந்த இரண்டையும் ஒரே இணைப்பானாக்கியது, தப்பாகச் செருகவே முடியாது.

2000ஆம் ஆண்டில் பென்டியம் 4 வந்தபோது பெரிய மாற்றம் நடந்தது. மின்சாரப் பசி கூடியது. 5 வோல்ட்டிலேயே கொடுத்தால் என்ன? 100 வாட்டுக்கு 5 வோல்ட்டில் 20 ஆம்பியர் ஓட வேண்டும். 12 வோல்ட்டில் 8 ஆம்பியருக்குச் சற்று மேல் போதும். மின்னோட்டம் இரண்டு மடங்கானால் வயரில் உண்டாகும் சூடு நான்கு மடங்காகும். ஆகவே சுமையை 12 வோல்ட்டுக்கு மாற்றினார்கள். செயலிக்கென்றே தனி 4 முனை இணைப்பான் வந்தது. 2003இல் முதன்மை இணைப்பான் 20 முனையிலிருந்து 24 முனையானது.

நெடுஞ்சாலை ஓரத்தில் உயர்ந்து நிற்கும் மின்கோபுரங்களைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் 132 ஆயிரம், 275 ஆயிரம் வோல்ட் ஓடுவதும் இதே காரணத்தால்தான். மின்னழுத்தம் கூடினால் மின்னோட்டம் குறையும், இழப்பும் குறையும். சிவசமுத்திரத்திலிருந்து கோலாருக்கு மின்சாரம் அனுப்பியவர்களும் இந்த விதியை நம்பித்தான் கம்பி இழுத்தார்கள்.

அதே 2000ஆம் ஆண்டுகளில்தான் மின்தேக்கிக் கோளாறு உலகெங்கும் பரவியது. தரமற்ற திரவம் நிரப்பிய தேக்கிகள் உப்பி, வெடித்து, ஏராளமான தாய்ப்பலகைகளையும் பவர் சப்ளைகளையும் கெடுத்தன. வெளித்தோற்றத்தில் எல்லாம் ஒன்றுபோல் இருந்தன. உள்ளே இருந்த சிறு பாகம்தான் ஆயுளைத் தீர்மானித்தது.

2004இல் 80 பிளஸ் என்ற திறன் சான்று தொடங்கியது. சுவரிலிருந்து எடுக்கும் மின்சாரத்தில் குறைந்தது 80 விழுக்காட்டைக் கணினிக்குத் தர வேண்டும். அதுவும் 20, 50, 100 விழுக்காடு சுமையில். 2008இல் வெண்கலம், வெள்ளி, தங்கம் என்ற படிகள் சேர்ந்தன. இங்கே ஒரு குழப்பம் வருவதுண்டு. இந்தச் சான்று திறனைச் சொல்லுகிறது. பாதுகாப்புச் சுற்று உண்டா, எத்தனை ஆண்டு தாங்கும் என்பதையெல்லாம் அது சொல்லாது. ஆனால் முழுச்சுமையிலும் சோதிக்கப்பட்டது என்பதே பெரிய ஆறுதல்.

கடைசிப் பாடம் 2022இல் வந்தது. ஒரே இணைப்பானில் 600 வாட் வரை தரும் புதிய 16 முனை இணைப்பான் வெளிவந்தது. கணக்குப் போடுங்கள்: 600ஐ 12ஆல் வகுத்தால் 50 ஆம்பியர். முழுதாக உள்ளே செருகப்படாத சில இணைப்பான்கள் உருகிப்போயின. 2023இல் அதன் முனைகளைத் திருத்தி அமைத்தார்கள். எவ்வளவு விலை உயர்ந்த பொருளானாலும் வயரை அழுத்தமாகச் செருகாவிட்டால் பயனில்லை.

பாலம் கடந்து வந்த பாகங்கள்

நம் நாட்டுக்கும் கணினிக்கும் உள்ள உறவு பழையது. இன்டெல் தன் முதல் வெளிநாட்டுத் தொழிற்சாலையை 1972இல் பினாங்கில்தான் அமைத்தது. கணினியைத் தாமே பொருத்தும் பழக்கம் 1990களில் இங்கே பெருகியது. வடக்கே இருந்தவர்கள் கோலாலம்பூர் இம்பி பக்கம் போனார்கள். 1999க்குப் பிறகு லோ யாட் பிளாசா போனார்கள். ஜொகூர்க்காரர்களான நமக்குப் பாலம் தாண்டினால் சிங்கப்பூரின் சிம் லிம் ஸ்குவேர். இங்கேயே என்றால் ஹாலிடே பிளாசா. என் மாமா ஒருவர் சிங்கப்பூரில் வேலை முடிந்து வரும்போது பையில் நினைவக அட்டையும் வன்தட்டும் கொண்டு வருவார். பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டே வருவாராம்.

அந்தக் காலப் பவர் சப்ளைகளின் பின்புறம் ஒரு சிவப்புச் சுவிட்ச் இருக்கும். ஒரு பக்கம் 115, மறு பக்கம் 230. அமெரிக்காவில் 120 வோல்ட், நமக்கு இரட்டிப்பு. யாராவது விளையாட்டாக 115க்குத் தள்ளிவிட்டு இங்கே பிளக் போட்டால் ஒரு வெடிச்சத்தம், அவ்வளவுதான். மாமா அந்தச் சுவிட்ச் மேல் டேப் ஒட்டிவைப்பார். இன்றைய தரமான பவர் சப்ளைகள் தாமே புரிந்துகொள்ளும். பழைய கணினியைப் பள்ளிக்கு நன்கொடையாகப் பெறும் ஆசிரியர்கள் மட்டும் அந்தச் சுவிட்சை முதலில் பார்த்துவிடுங்கள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

சரி, அந்த அம்மா கேட்ட கேள்விக்கு வருவோம். எவ்வளவு வாட் வேண்டும்? நான் பிறகு கற்றுக்கொண்ட முறையைச் சொல்கிறேன்.

ஒரு மாணவன் ரைசன் 5 5600 செயலியும் ஆர்டிஎக்ஸ் 4060 வரைகலை அட்டையும் வைத்துக் கணினி கட்டுகிறான் என்று வைத்துக்கொள்வோம். செயலியின் பெயரளவு 65 வாட். உழைக்கும்போது அதைத் தாண்டி எடுக்கும், தாராளமாக 88 வாட் என்று வைத்துக்கொள்வோம். வரைகலை அட்டை 115 வாட். தாய்ப்பலகை, நினைவகம், சேமிப்பகம், காற்றாடிகள் எல்லாம் சேர்த்துத் தாராளமாக 60 வாட். மொத்தம் 263 வாட். இதை அப்படியே வாங்கக்கூடாது. வரைகலை அட்டை கண்ணிமைக்கும் நேரத்தில் பெயரளவைத் தாண்டி இழுக்கும். நம் ஊர் வெக்கையில் பாகங்கள் சீக்கிரம் தளரும். ஆகவே ஒன்றரை மடங்கு: ஏறத்தாழ 395 வாட். கடையில் அதற்கு அடுத்து 450, 550 கிடைக்கும். அந்த அட்டைக்கு அதன் நிறுவனமே 550 வாட் பரிந்துரைக்கிறது. ஆக, நல்ல 550 வாட் போதும். 850 வாட் தேவையில்லை. கடைக்காரர் சொன்னாலும் தேவையில்லை.

வரைகலை அட்டை இல்லாமல் பாடத்துக்கு மட்டும் என்றால்? வரைகலை உள்ளடங்கிய செயலி போதும். மொத்தச் சுமை 150 வாட்டைத் தாண்டுவதே அரிது. நல்ல 400 வாட் தாராளம்.

இப்போது என் மாணவனின் பெட்டிக்கு வருவோம். எரிந்த பிறகு அதன் ஒட்டுத்தாளை இருவரும் சேர்ந்து படித்தோம். மேலே பெரிய எழுத்தில் 500. கீழே சிறிய கட்டங்களில் 12 வோல்ட்டுக்கு நேரே 18 ஆம்பியர். பெருக்கினால் 216 வாட்! இன்றைய கணினி தன் மின்சாரத்தில் பெரும்பகுதியை 12 வோல்ட்டில்தான் எடுக்கிறது. அவன் செயலிக்கும் பழைய வரைகலை அட்டைக்கும் மட்டுமே 220 வாட் தேவைப்பட்டது. பெயர் 500, உண்மை 216. மீதியை 5 வோல்ட்டிலும் 3.3 வோல்ட்டிலும் காட்டிக் கணக்கை ஒப்பேற்றியிருந்தார்கள். அந்த ஒட்டுத்தாள் என்னிடம் வந்த படத்திலேயே இருந்தது. பெரிய எழுத்தைப் படித்தேன், சிறிய எழுத்தைப் படிக்கவில்லை. கருத்துணர் பகுதியில் மாணவர்களிடம் நான் திருத்தும் அதே தவறு.

1981இன் 63.5 வாட்டை மறுபடி நினைத்துப் பாருங்கள். சிறிய எண், ஆனால் உண்மையான எண்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

முதலாவது, 12 வோல்ட் கட்டத்தைப் பெருக்கிப் பாருங்கள். மொத்த வாட்டுக்கு மிக அருகில் வர வேண்டும். 550 வாட் பெட்டியில் 12 வோல்ட்டுக்கு 45 ஆம்பியர் என்றால் 540 வாட். அது நல்ல அறிகுறி.

இரண்டாவது, பாதுகாப்புச் சுற்றுகள் எழுதப்பட்டுள்ளனவா என்று பாருங்கள். மிகை மின்னழுத்தம், மிகைச்சுமை, குறுக்குச்சுற்று ஆகிய மூன்றும் கட்டாயம்.

மூன்றாவது, உத்தரவாதக் காலம். ஐந்தாண்டு உத்தரவாதம் தருபவர் தன் பொருளை நம்புகிறார். ஓராண்டு தருபவரிடம் ஒரு கேள்வி கேட்டுவிட்டு வாங்குங்கள்.

நான்காவது, பிளக்கிலும் நீட்டிப்புச் சாக்கெட்டிலும் சிரிம் முத்திரை. பவர் சப்ளைக்கு 300 ரிங்கிட் கொடுத்துவிட்டு, 10 ரிங்கிட் நீட்டிப்பு வயரில் செருகுவதில் என்ன பயன்? மூன்றாவது முனையான நிலத்தொடுப்பை உடைத்துவிட்டுச் செருகும் பழக்கம் வேண்டவே வேண்டாம்.

ஐந்தாவது, இடி. மலேசியா உலகில் இடிமின்னல் அதிகமுள்ள நாடுகளில் ஒன்று. ஏ.டி.எக்ஸ். விதிப்படி, சுவரில் மின்சாரம் நின்றாலும் பவர் சப்ளை சுமார் 16 மில்லி வினாடி கணினியைத் தாங்கும். நம் மின்சாரத்தின் ஒரு சுழற்சியே 20 மில்லி வினாடிதான். விளக்கு லேசாகச் சிமிட்டினால் தப்பிக்கலாம். மின்னலுக்கு அது போதாது. இடி தொடங்கினால் வேலையைச் சேமித்துவிட்டுப் பிளக்கைப் பிடுங்குங்கள். இணைய வயரையும் சேர்த்துத்தான்.

காசு பற்றாக்குறை என்றால் எதைக் குறைப்பது? ஒளிரும் விளக்குகளைக் குறையுங்கள், கண்ணாடிப் பெட்டியைக் குறையுங்கள், வரைகலை அட்டையை அடுத்த ஆண்டுக்குத் தள்ளுங்கள். பவர் சப்ளையைக் குறைக்காதீங்க. மற்றது கெட்டால் அது மட்டும் கெடும். இது கெட்டால் எல்லாம் கெடலாம்.

முடிவாக

அந்த மாணவனுக்கு மறுபடி பாகங்கள் சேர ஐந்து மாதம் ஆனது. நானும் என் சக ஆசிரியர்கள் இருவரும் கொஞ்சம் போட்டுக்கொடுத்தோம். இம்முறை பவர் சப்ளையைத்தான் முதலில் வாங்கினான். திட்டப்பணியை நினைவிலிருந்து மறுபடி எழுதி ஒப்படைத்தான். அந்தக் கணினி இன்றும் ஓடுகிறது. இப்போது அவன் தங்கை அதில் படிக்கிறாள். நான் அன்று சொன்ன “போதும்பா” என்ற சொல்லுக்கு மட்டும் இன்னும் கடன்பட்டிருக்கிறேன். இந்தக் கட்டுரை அதன் ஒரு பகுதி.

ரவாங் சுரங்கத்தில் பம்பு நிற்கக்கூடாது. தோட்டத்து லயத்தில் பக்கத்து வீட்டு விளக்கு மங்கக்கூடாது. நம் பிள்ளை இரவெல்லாம் எழுதிய கட்டுரை கருகக்கூடாது. போதுமான மின்சாரம் என்பது ஒட்டுத்தாளில் உள்ள பெரிய எண் அன்று. தேவைப்படும் நேரத்தில், தேவைப்படும் அளவு, தடுமாறாமல் வருவதுதான் அது. தெரியாத ஒன்றைப் பற்றி மாணவன் கேட்டால், “தெரியலப்பா, வா, சேர்ந்து பார்ப்போம்” என்று சொல்லிவிடுங்கள் ஆசிரியர்களே. நானும் இப்போது அப்படித்தான் சொல்கிறேன்.

வகுப்பறைப் பயிற்சி

1. மலாயாவில் மின்சாரம் முதலில் சுரங்கத் தொழிலுக்குப் பயன்பட்டதற்கான காரணத்தை, ரவாங், ரவூப் எடுத்துக்காட்டுகளுடன் விளக்குக.

2. 1949, 1965, 1990 ஆகிய ஆண்டுகளில் நாட்டின் மின்சார நிர்வாகத்தில் ஏற்பட்ட மாற்றங்களை வரிசைப்படுத்துக.

3. ஒரு பவர் சப்ளையில் 12 வோல்ட்டுக்கு நேரே 37 ஆம்பியர் என உள்ளது. அதன் மேல் 450 வாட் என எழுதப்பட்டுள்ளது. அந்த எண் நம்பத்தக்கதா? கணக்கிட்டுக் காட்டுக.

4. ‘பெரியதெல்லாம் போதுமானது ஆகாது’ என்ற தலைப்பில் 200 சொற்களில் கருத்து விளக்கக் கட்டுரை எழுதுக.